மாசிக் கடலா, மே மாதக் கடலா?

கேள்வி: மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மாசியில் போகலாமா, மே விடுமுறையிலா?

பதில்: மாசியிலேயே கிளம்புங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அக்கினி நட்சத்திரம் எட்டிப் பார்க்காத காலம் அது. உப்பளப் பாத்திகளில் வெயில் காயக் காய வெள்ளை உப்பு பூப்பதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். விடியலில் போன விசைப்படகுகள் இரவில் திரும்பியதும் மீன் ஏலம் களைகட்டும். மே மாதத்திலோ மீனுக்குப் பதில் கரையில் கட்டிய படகுகளைத்தான் எண்ணலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் அப்போதும் உண்டே என்பீர்கள். உண்டு, வரத்துக் குறைவதால் விலையும் கடல் அலையோடு போட்டி போடும். பிள்ளைகளுக்குப் பரீட்சையாச்சே என்றால், நியாயம்தான். ஆனால் சுமார் 140 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைக்கு ஒரு சனிக்கிழமை போதும். ஒரு நாள் கடல்காற்று எந்த மதிப்பெண்ணையும் குறைக்காது; களைத்த மூளைக்கு அதுவும் ஒரு பாடம்.