அடுத்த வீட்டுப் பலகாரம்

லெஸ்டர்

தம்பி, தரமணியில் நம் தெருவில் மழைநீர் வடிந்துவிட்டதா, அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் விவரமாக எழுது.

மாமிசத்தோடு பால், தயிர், நெய், முட்டை யாவற்றையும் துறப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டு, 1944 நவம்பரில் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் முக்கியஸ்தரான டொனால்ட் வாட்ஸன் என்னும் மரவேலை உபாத்தியாயர், அக்காலத்தில் இந்த லெஸ்டரில்தான் வாசம் செய்தாராம். தயிரில்லாமல் மனிதன் ஜீவிக்க முடியுமா என்பாய்; அவர் 95 வயது வரை ஜீவித்திருந்தார்.

அவருடைய கொள்கையைக் கடைப்பிடிக்கும் ஒரு மாது எங்கள் அடுத்த வீட்டில் இருக்கிறார். பசுவின் துக்கத்தைப் பற்றி அவர் பிரசங்கம் செய்திருந்தால், தர்க்கப் பிரியனான நான் எதிர்வாதம் தொடுத்து ஒரு கை பார்த்திருப்பேன். அவரோ ஞாயிறுதோறும் ஒரு தகர டப்பாவில் பலகாரத்தைக் கொணர்ந்து நீட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுகிறார். வாய் நிறையப் பலகாரத்தை வைத்துக்கொண்டு எவன் வாதாடுவான்? கொண்டைக்கடலை வெந்த நீரைச் சர்க்கரையோடு விடாமல் அடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத வெண்ணுரையாக்கி, முட்டைக்குப் பதிலாக அதையே சேர்க்கிறார். நம் வீட்டில் ரசத்தோடு போய்ச் சேரும் நீருக்கு இங்கே இத்தனை ராஜோபசாரம்!

ஜீவகாருண்யத்தைச் சோறாகவே பரிமாறலாம் என்று வடலூரில் 1867இல் தருமசாலை அமைத்துக் காட்டிய வள்ளலாரை இந்த அம்மையார் அறியார். எனினும் அவர் கைக்கொண்டிருப்பது அந்த மார்க்கந்தான். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று தண்ணீர்ப்பந்தலில் நம்மை வழிமறித்துத் தொன்னையைத் திணிப்பவர்களும் நம் கொள்கை என்னவென்று விசாரித்ததில்லையே.

நவராத்திரியின்போது பதில் மரியாதையாகச் சுண்டல் கொடுத்தேன். எண்ணெய், கடுகு, பெருங்காயம், தேங்காய்த் துருவல் தவிர வேறொன்றுமில்லை என்று சொன்னதும், "அப்படியானால் நீங்களும் எங்கள் கட்சிதான்" என்று ஆனந்தித்தார். நான் காப்பி தம்ளரை மெல்லச் சன்னல் திரைக்குப் பின்னால் தள்ளினேன்.

தை மாதம் அவர் சென்னைக்கு வருகிறார். நம் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு என்று வாக்களித்திருக்கிறேன். சாம்பாரும் வத்தக்குழம்பும் பற்றிக் கவலையில்லை. அவியலில் மட்டும் தயிர் வேண்டாம். இலையில் பருப்பு விழுந்த மறுகணமே, கேளாமல் நெய்யை வார்த்துவிடும் அம்மாவின் கையை நீதான் எப்பாடுபட்டேனும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்