துரும்பா, பூச்சியா?

கேள்வி: ராத்திரி திண்ணை விளக்கடியில் சுவரில் ஒட்டியிருந்த துரும்பை ஊதினேன். பறந்து போய்விட்டதே!

பதில்: நீங்கள் பார்த்தது இறகு அந்துப்பூச்சி. சிறகுகளைச் சுருட்டி இரு பக்கமும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், குட்டிச் சிலுவை ஒன்றை யாரோ சுவரில் ஒட்டிவைத்தது போலிருக்கும். விரித்தால்தான் வேடம் கலையும். முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்து, பிளவுகளின் ஓரமெல்லாம் மெல்லிய மயிர் நிற்கும். பக்கத்துக்கு ஐந்து, ஆகப் பத்து இறகு! அடுத்த முறை ஊதாதீர்கள், கிட்டப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் துவரங்காயில் ஓட்டை. இதன் வேலையா?

பதில்: ஓட்டை பெரிதாக, வட்டமாக இருந்தால் பச்சைக் காய்ப்புழுவைத் தேடுங்கள். சின்ன ஓட்டையும், பக்கத்தில் அரை அங்குல நீளத்தில் முடி முளைத்த புழுவும் இருந்தால் இதுதான். தாய் அந்து மொட்டிலும் பிஞ்சிலும் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாளில் புழு வரும். முதலில் காயின் தோலைச் சுரண்டும், பிறகு துளைத்துத் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பருப்பைத் தின்னும். உடம்பு முழுக்க வெளியே! வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றே பந்தியை முடிக்கிற விருந்தாளி. அப்படி வெளியே நிற்பதால் நம் கண்ணிலும் படும், ஒட்டுண்ணிக் குளவியின் கண்ணிலும் படும்.

கேள்வி: கூடு எங்கே கட்டும்?

பதில்: கட்டாது. காயின் மேலேயோ, தான் போட்ட ஓட்டையின் வாயிலோ வால்நுனியை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். அப்போதும் மேலே முடி இருப்பதால் பலர் புழு என்றே நினைக்கிறார்கள். குச்சியால் தொடுங்கள். ஊர்ந்தால் புழு.

கேள்வி: துவரையைத் தவிர வேறென்ன தின்னும்?

பதில்: இந்த இனம் அவரை, மொச்சைக்கும் வரும். ஆனால் இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, ருசியும் இனத்துக்கு இனம் வேறு. உண்ணிச்செடியின் பூவைத் தின்னும் ஒன்றை, அந்தக் களையை அடக்குவதற்காகவே 1902இல் மெக்சிகோவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். என் மனம் கவர்ந்தது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. பூச்சிகளைப் பசையில் சிக்கவைத்து உண்ணும் டிரோசீரா செடிதான் அதன் சாப்பாடு. முதலில் மயிர்நுனியிலுள்ள பசைத்துளியைக் குடிக்கும், பிறகு அந்த மயிரையே மெல்லும். செடி தனக்கென்று பிடித்துவைத்திருந்த பூச்சியையும் விட்டுவைப்பதில்லை.