யாங்கோன் வரி அலுவலகத் தொலைபேசியின் இயல்பு: ஓர் ஆய்வு

பர்மாவை ஆராய்ந்த அறிஞர்கள் தேக்கைப் பற்றி எழுதினார்கள், நெல்லைப் பற்றி எழுதினார்கள், ரங்கூன் மொகல் தெருவில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களைப் பற்றித் தடிதடியாக எழுதித் தள்ளினார்கள். வரி அலுவலகத்துக்குப் போன் போட்டு ஒரு சந்தேகம் கேட்பது எப்படி என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. தேக்கு ஏற்றுமதியால் பயனடைந்தவர்களைவிட இதனால் பயனடைவோர் அதிகம் என்பது எம் துணிபு.

போனுக்கு முந்திய காலத்தை முதலில் பார்த்துவிடுவோம். வெள்ளைக்காரன் ஆட்சியில் கீழ்ப் பர்மாவில் தலைவரி இருந்தது. கல்யாணம் ஆனவருக்கு 5 ரூபாய், ஆகாதவருக்கு அதில் பாதி. மேல் பர்மாவில், மிண்டோன் மன்னர் காலத்தில் வந்த தத்தமேதா என்ற வீட்டுவரி. வசூலிப்பவர் ஊர்த்தலைவர். சந்தேகம் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்டிருப்பார்களா என்பதே ஐயம். கல்யாணம் ஆனதா இல்லையா என்பதில் விளக்கம் கேட்க என்ன இருக்கிறது? அந்த வரி மக்களுக்கு நன்றாகவே விளங்கிற்று என்பதற்கு 1930-ல் வெடித்த சயா சான் கிளர்ச்சி சான்று.

இனி, போன். இந்த ஊரில் அது வந்த வரலாறு தனி ஆய்வுக்கு உரியது. 2000-களில் ஒரு சிம் கார்டின் விலை ஆயிரக்கணக்கான டாலர். சாமானியருக்குப் போன் என்றால் நடைபாதையில் ஒரு சின்ன மேசை, மேலே குடை, மேசையில் லேண்ட்லைன் கருவி, பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிமிஷக் கணக்கு வைக்கும் ஒரு பெண். அங்கே நின்றுகொண்டு வரி விவகாரம் பேச எவனுக்குத் துணிச்சல் வரும்? பின்னால் வரிசையில் நிற்பவருக்கு நம் விற்பனை நிலவரம் முழுக்கத் தெரிந்துபோகும். 2013 ஏப்ரலில் அரசு 1,500 கியாட்டுக்கு சிம் கொடுத்தது. எல்லாருக்கும் அல்ல, குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு. (குலுக்கல் என்ற சொல்லை வாசகர் மறவாதிருக்க வேண்டும், பின்னால் பயன்படும்.) 2014-ல் கத்தாரின் ஊரிடூவும் நார்வேயின் டெலிநாரும் வந்தன, ஊரே கையில் போனோடு நடந்தது.

போன் பரவியதும் வரியும் அதைத் தேடிக்கொண்டு வந்தது. டாப்-அப்புக்கு 5 சதவீத வணிக வரி என்று 2015-ல் அறிவித்தபோது எழுந்த கூச்சலில் அது கொஞ்ச நாள் தள்ளிப்போயிற்று, ஒழியவில்லை. 2022-ல் புதுச் சிம் ஒவ்வொன்றுக்கும் 20,000 கியாட் வரி வந்தது. ஆகவே, வரியைப் பற்றி விளக்கம் கேட்கப் போனை எடுப்பவர், கேட்பதற்கு முன்பே வரி கட்டியவர் ஆகிறார். 'பதில் வராவிட்டாலும் கடமை முடிந்தது, பிறகு ஏன் வருந்த வேண்டும்' என்பர் ஒரு சாரார். அவர்கள் வணிகம் செய்யாதவர்கள் என்று அறிக.

அடுத்து, திணைப் பாகுபாடு. வரி அலுவலக அழைப்புக்குப் பெரும்பொழுது, மாதத்தின் முதல் பத்து நாள். முந்தைய மாத வணிக வரியை 10-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது விதி. சிறுபொழுது, முற்பகல், அலுவலர் வந்த பிறகும் சாப்பாட்டுக்கு எழும் முன்பும் உள்ள இடைவெளி. ரிங் போய்க்கொண்டே இருப்பது இருத்தல், எனவே முல்லை. லைன் அறுவது பிரிதல், அது பாலை. 'இதைத்தான் போன மாதமே சொன்னேனே' என்று அந்தப் பக்கத்துச் சயாமா, அதாவது அலுவலர் அம்மா, குரலை உயர்த்தினால் ஊடல், மருதம். 11-ஆம் தேதி விடிந்தபின் வருவது நெய்தல். குறிஞ்சிக்கு எடுத்துக்காட்டு தேடிக்கொண்டிருக்கிறோம்.

களத்தில் இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு ஒரு மாதிரி. அநௌரத்தா சாலைக் காளி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். தேதி 9. கணக்கர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேரேட்டின்மேல் சாய்த்து வைக்கிறார். ரிங் போகிறது. கீல், கொண்டி, நாலங்குல ஆணி என்று பில் எழுதுகிறார். ரிங் போகிறது. கூன்யா என்னும் வெற்றிலை மடிப்பு ஒன்றை வாங்கி வாயில் திணிக்கிறார்; சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் ஊறிச் சாறு நிரம்பும் நேரத்தில்தான், எந்த விதியின்படியோ தெரியவில்லை, அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்கிறது. கணக்கர் துள்ளி எழுகிறார். அரசாங்கத்தோடு உட்கார்ந்து பேசும் வழக்கம் இங்கே இல்லை. நழுவும் லோஞ்சிக் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்து, "சயாமா..." என்று தேனாய்க் குழைவதற்குள் லைன் போய்விடுகிறது. மறுபடி கிடைத்தால், "லூஜீ மஷீபூ". பெரியவர் சீட்டில் இல்லை. போனை எடுத்தவர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டுமே. பதில் சொல்லும் அதிகாரம் வேறொரு நாற்காலிக்கு உரியது.

விடாக்கண்டர்கள் தலைமை அலுவலகத்துக்கே போடுவார்கள். 2005 நவம்பரில் தலைநகரை நேப்பிடாவுக்குத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அது 067 என்ற தொலைபேசிக் குறியீட்டில் இருக்கிறது; யாங்கோன் 01-ல் இருக்கிறது. உங்கள் கோப்பு உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்தில்தான் என்று 067 சொல்லும், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று டவுன்ஷிப் சொல்லும். இரண்டும் சரியான பதில்களே.

அப்படி என்னதான் கேட்கிறார்கள் என்று வெளியூர்க்காரர் வியக்கலாம். கேள்விகள் அற்பமானவை அல்ல. எடுத்துக்காட்டாக, 'இந்த வருஷம் எப்போது முடிகிறது?' இதைத் தத்துவக் கேள்வி என்று எண்ணிவிடக் கூடாது. நிதியாண்டு முன்பெல்லாம் ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிந்தது. 2018 அக்டோபரிலிருந்து அக்டோபரில் பிறந்தது. 2022 ஏப்ரலிலிருந்து பழையபடி ஏப்ரலுக்கே திரும்பிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே ஆறு மாதத்தில் ஓர் அரைகுறை ஆண்டு. ஏப்ரலில் பிறந்தாலும் பிறந்த கையோடு திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா வந்து நாடே நனைந்து மூடிக்கிடக்கும். அந்த நாட்களில் போன் அடித்தவர் குறித்துச் சான்றுகள் இல்லை.

பிற தேசத்து நிலவரத்தையும் ஒப்பிடுவது ஆய்வு மரபு. அமெரிக்க வருமான வரித்துறைக்கு 2021 நிதியாண்டில் வந்தவை 28.2 கோடி அழைப்புகள். ஊழியர் எடுத்துப் பேசியது ஏறக்குறைய 3.2 கோடி. பிரிட்டனில் 2022-23-ல் வரித்துறையை அழைத்தவர்கள் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 798 ஆண்டுகள் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே சொல்கிறது. ஒரே ஆள் காத்திருந்தால் பகானில் திலோமின்லோ அரசர் ஆண்டபோது போனைக் காதில் வைத்திருக்க வேண்டும். இதில் யாங்கோன்வாசி ஆறுதல் கொள்ளலாம்: அங்கே காத்திருந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள், இங்கே அந்த அவமானம் இல்லை.

நிற்க. இத்தனையும் தொகுத்து நோக்கியபோது எமக்குத் தோன்றிய கோட்பாடு இது. மியான்மரின் உள்நாட்டு வருவாய்த் துறை வருமான வரி, வணிக வரி, முத்திரைத் தீர்வையோடு இன்னொன்றையும் நடத்துகிறது: அவுங்பாலே என்னும் அரசு லாட்டரி. தெருத்தெருவாக ஒலிபெருக்கி அலற வண்டி தள்ளி விற்பார்களே, அதேதான். ஆக, அத்துறையின் தொலைபேசியை வரிப் பிரிவில் சேர்த்தது இதுவரை ஆய்வாளர் செய்த பிழை. அது லாட்டரிப் பிரிவைச் சேர்ந்தது. அழைப்பு என்பது சீட்டு, ரிங் என்பது குலுக்கல். சிம்மே குலுக்கலில் வந்த ஊர் என்பதை முன்பே குறித்தோம். ஒரு வேறுபாடு உண்டு. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மக்கள் லாட்டரிச் சீட்டு வாங்குவதை எதிர்ப்பாகவே நிறுத்தினார்கள். போன் அடிப்பதை அப்படி நிறுத்தியும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. மேலும், அவுங்பாலே பரிசுக்கு வருமான வரி விலக்கு உண்டு. போனில் கிடைத்த பதிலுக்கு விலக்கு உண்டா? போனில்தான் கேட்க வேண்டும்.

இக்கோட்பாட்டை மறுப்பாரும் உளர். குலுக்கலில் காரணம் இராது, இங்கே காரணம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் காட்டும் சான்று அதே ஹார்டுவேர் கடைக் கணக்கர். 10-ஆம் தேதி காலையில் அவர் பொறுமையிழந்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுன்ஷிப் அலுவலகத்துக்கே போய்விடுகிறார். சயாமா எதிரில் நாற்காலி கிடைக்கிறது. கோப்பைப் பிரித்து, மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, கேள்வியைத் தொடங்குகிறார். மேசையில் போன் அடிக்கிறது. சயாமாவின் கை அதை நோக்கி நீள்கிறது.

"அது அடிச்சிட்டுப் போகட்டும் சயாமா, நீங்க இதைப் பாருங்க" என்கிறார் கணக்கர்.