ட்ரிம்மருக்குப் பகுபத உறுப்பிலக்கணம்

தமிழ்வழியில் பள்ளிக்கூடம் போன எவரும் ‘நடந்தனன்’ என்ற சொல்லைப் பிரித்துப் போடாமல் தப்பியிருக்க முடியாது. நட + த்(ந்) + த் + அன் + அன். நட, பகுதி. முதல் த், சந்தி. அது ந் ஆனது விகாரம். அடுத்த த், இறந்தகால இடைநிலை. முதல் அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. ஆறு உறுப்பும் ஒன்று குறையாமல் வந்து நிற்கும் இந்தச் சொல்லை வைத்து மதிப்பெண் வாங்கியவர்கள், அதன்பிறகு அந்த அறிவை எங்கும் செலவழித்ததில்லை. இத்தனை காலம் கழித்து அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

ஆண்களுக்கான ‘ஆல் இன் ஒன்’ ட்ரிம்மர் பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் தட்டில் வரிசைகட்டிக் கிடக்கும் உதிரிகள் வாங்கியவரை முறைக்கின்றன. அவருக்குத் துணையாக உள்ளே இருப்பது எட்டாக மடித்த ஒரு தாள். அதில் படம் இருக்கும், இலக்கணம் இருக்காது. ஆகவே அவர் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கருவி என்று எண்ணிவிடுகிறார். பிழை அங்கேதான் தொடங்குகிறது. அவை ஒரே சொல்லின் உறுப்புகள். தனியே நின்றால் எதற்கும் பொருளில்லை, புணர்ந்தால்தான் வினை.

பதங்களைப் பகாப்பதம், பகுபதம் என்று பிரித்து விளக்கும் நன்னூலை 13-ஆம் நூற்றாண்டில் இயற்றியவர் பவணந்தி முனிவர். அவர் சமணர். சமணத் துறவிகள் தலைமுடியைக் கத்தி படாமல் கையாலேயே பறித்துக்கொள்ளும் நோன்புடையவர்கள். ட்ரிம்மர் பற்றிய ஆய்வுக்கு அவரைத் துணைக்கு அழைப்பதிலுள்ள சங்கடத்தை ஆய்வாளர் உணர்ந்தே இருக்கிறார். ஆனாலும் வேறு வழியில்லை. பழைய மடக்குச் சவரக்கத்தி ஒரு பகாப்பதம். பிரித்தால் பொருள் போய்விடும், விரலும் போகலாம். ட்ரிம்மரோ பிரிப்பதற்கென்றே பிறந்த பகுபதம்.

ஆய்வுக்கு ஒரு மாதிரிப் பெட்டி வேண்டும். எந்தக் குறிப்பிட்ட நிறுவனத்துடையதும் அல்லாத, எல்லாவற்றின் சாயலும் கொண்ட ஒரு ‘13-இன்-1’ என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியை விட்டுவிட்டு எண்ணினால் வெட்டும் தலைகள் நான்கு: அகலமானது, ஒல்லியானது, சல்லடை போட்டது, மூக்குக்கானது. சீப்புகள் எட்டு: 1, 2, 3, 5, 7, 9, 12, 16 மில்லிமீட்டர். ஆகப் பன்னிரண்டு. பதின்மூன்றாவது எங்கே என்று தட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் பல் துலக்கும் பிரஷின் பேரன் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முடித்தூளைத் தட்டுவதற்கான அந்தக் குட்டி பிரஷும் எண்ணிக்கையில் சேர்த்தி. சில பெட்டிகளில் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் துணிப்பைக்கும் ஓர் எண் உண்டு.

கைப்பிடிதான் பகுதி. வினைப்பகுதி ஏவல் வடிவில் இருக்கும் என்பது இலக்கணம்: நட, வா, போ. கைப்பிடியில் இருக்கும் ஒரே பொத்தானும் ஏவலே. இந்தப் பகுதி இன்றைய அளவுக்குச் சுருங்கக் காலம் பிடித்தது. அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாயிருந்த ஜேக்கப் ஷிக் முதலில் வடிவமைத்த மின்சவரக் கருவியில் மோட்டார் தனியே இருந்தது. வளையும் தண்டு ஒன்றுதான் அதை வெட்டும் தலையோடு இணைத்தது. ஒரு கை மோட்டாருக்கு, ஒரு கை முகத்துக்கு. 1930-இல் அவர் காப்புரிமை பெற்று, மறு ஆண்டு 25 டாலருக்கு விற்ற கருவியில்தான் இரண்டும் ஒரே கைக்குள் அடங்கின. 1939-இல் ஹாலந்தின் பிலிப்ஸ், கத்திகள் வட்டமாகச் சுழலும் ஷேவரைக் கொண்டுவந்தது. பகுதியின் வரலாறு இவ்வளவு போதும். பொத்தானை அழுத்தினால் உறுமும். உறுமாவிட்டால் சார்ஜ் இல்லை.

விகுதி திணை, பால், எண், இடம் காட்டும். ட்ரிம்மரின் விகுதியாகிய வெட்டும் தலைக்கு இவற்றில் முதல் மூன்றும் வேலையில்லாதவை. பாலைப் பெட்டியின் மேலட்டையே ‘ஆண்களுக்கு’ என்று காட்டிவிட்டது. மிஞ்சுவது இடம். அகலத் தலை கன்னத்துக்கும் தலைக்கும். உள்ளே இரண்டு பல்வரிசைகள். ஒன்று அசையாது, மற்றது பக்கவாட்டில் ஓடும். நடுவே சிக்கிய முடியை இருபது முப்பது குட்டிக் கத்தரிகள் சேர்ந்து நறுக்குவது போல நறுக்கும். ஒல்லித் தலை மீசையின் மேல்விளிம்புக்கும், சலூனில் ‘லைன் எடுக்கிறது’ என்று சொல்லும் வேலைக்கும்.

சல்லடைத் தலையை மட்டும் நம்பிப் பத்து நாள் தாடியோடு களமிறங்குவோர் உண்டு. அது ஒரு மெல்லிய துளைத்தகடு. துளைக்குள் நுழைந்த முடியைத்தான் அடியில் ஓடும் கத்தி வெட்டும். நீண்ட முடி துளைக்குள் நுழையாது, தகட்டின் கீழே மடங்கிப் படுத்துக்கொள்ளும். முதலில் அகலத் தலையால் ஒட்ட அறுவடை செய்துவிட்டு, மிஞ்சிய தாளுக்குத்தான் சல்லடை. தகட்டை விரலால் அழுத்திப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம். நசுங்கினால் தோலைக் கீறும்.

மூக்கு என்பது குற்றியலுகரச் சொல். அதன் முடியும் குற்றியலே நல்லது. ஆனால் குறுக வேண்டுமே தவிர, கெடக் கூடாது. மூக்கின் வாசலில் நிற்கும் முடிகள் தூசியைத் தடுக்கும் காவல்காரர்கள். வெளியே எட்டிப் பார்ப்பவனை மட்டும் வெட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிடுங்கினாலோ வேர்க்கால் புண்ணாகிக் கிருமி தொற்றலாம். இந்தத் தலையை மூக்கின் ஆழம் வரை செலுத்துவோருக்கு இலக்கணத்தில் இடமில்லை.

இனி இடைநிலை. ஆய்வின் இதயம் இதுதான்.

பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று காலம் காட்டுவது இடைநிலை. கத்திக்கும் தோலுக்கும் நடுவே நிற்பது சீப்பு. அது காட்டுவதும் காலமே என்பதை இதுவரை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முகமுடி நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 1 மில்லிமீட்டர் சீப்பு என்பது ‘மூன்று நாளாக மழிக்காதவன்’ என்று பொருள்படும். 3 மில்லிமீட்டர், ஒன்பது நாள். 7 மில்லிமீட்டர், மூன்று வாரம். வீட்டில் கேள்வி எழத் தொடங்கும் காலம். தலைமுடியின் வேகமும் ஏறக்குறைய இதேதான், ஆகையால் 16 மில்லிமீட்டர் சீப்பு ஒருவரை ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மொட்டை போட்டவராக்கும். பழனிக்குப் போய் வந்தவரின் தலையை நாள்தோறும் பார்த்து வரும் எவரும் இந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம்.

அஃதேல், சீப்பே இல்லாமல் வெட்டினால் என்ன காலம் காட்டும் எனின், ஒன்றும் காட்டாது. ‘வாரான்’, ‘உண்ணான்’ போன்ற எதிர்மறைச் சொற்களில் காலங்காட்டும் இடைநிலை வெளிப்பட நிற்பதில்லை அல்லவா? சீப்பில்லாத ட்ரிம்மர் அந்த எதிர்மறை வினை. அரை மில்லிமீட்டர் போல எதையோ விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மறுத்துவிடும். சலூனில் இதற்கு ‘ஜீரோ மெஷின்’ என்று பெயர்.

சீப்பின் எண் பொய் சொல்லாது. பிடிக்கும் கை பொய் சொல்லும். முடி வளரும் திசைக்கு எதிரே நகர்த்தினால்தான் சீப்பின் பற்கள் முடியை நிமிர்த்தி நிறுத்த, எண்ணில் உள்ள அளவுக்கு வெட்டு விழும். வளரும் திசையிலேயே போனால் முடி படுத்துக்கொண்டு தப்பும். அதே சீப்பு சற்று நீளமாக விடும். உச்சந்தலைச் சுழியில் முடி எல்லாத் திசையிலும் ஓடுவதால் அங்கே நாலா பக்கமிருந்தும் வர வேண்டும். ரெட்டைச் சுழிக்காரருக்கு வேலை இரண்டு மடங்கு. ரெண்டு கல்யாணம் என்று ஊர் சொல்வதை ஆய்வாளர் வழிமொழியவில்லை. நேரம் கூடுதலாகும் என்பதை மட்டும் உறுதி செய்கிறார்.

இந்த இடத்தில் ஒரு பாடபேதம் உண்டு, பல தலைகளை அது காவு வாங்கியிருக்கிறது. சலூன் நாற்காலியில் ‘நம்பர் ஒன் போடுங்க’ என்பவர் 1 மில்லிமீட்டரைக் கேட்கவில்லை, 3-ஐக் கேட்கிறார். சலூன் சீப்புகளின் எண் அங்குலக் கணக்கு. நம்பர் ஒன்று என்பது அரைக்கால் அங்குலம். இரண்டு, கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். மூன்று, காலே அரைக்கால்; ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். நான்கு, அரை அங்குலம், 13. எட்டு என்றால் முழு அங்குலம், 25. எட்டின் பின்னங்களில் எண்ணும் இந்தப் பழக்கம் அமெரிக்கக் கிளிப்பர் மரபின் வழி வந்தது. இல்லினாய் மாநிலத்து ஸ்டெர்லிங் என்ற ஊரில் லியோ வால் மின்காந்தத்தால் இயங்கும் கிளிப்பருக்குக் காப்புரிமை கோரியது 1919-இல். அந்நாட்டில் அளவு இன்றும் அங்குலம்தான். அரைக்கால், காலே அரைக்கால் என்று வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த தமிழ்ப் பாட்டனார்கள் இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் சிரமமின்றிப் புரிந்துகொண்டிருப்பார்கள். மாட்டிக்கொண்டது மெட்ரிக் முறையில் படித்த பேரன்கள்.

வீட்டுப் பெட்டியின் சீப்புகளிலோ எண் மில்லிமீட்டர். ஆகவே மாதாமாதம் சலூனில் ‘நம்பர் த்ரீ’ வாங்கிப் பழகியவர், வீட்டில் நம்பிக்கையோடு ‘3’ என்று போட்ட சீப்பை மாட்டிப் பிடரியில் ஓர் இழுப்பு இழுத்தால், கிடைப்பது சலூனின் நம்பர் ஒன். 10 கேட்டவருக்கு 3. பெரிய சீப்பில் தொடங்கிச் சிறியதற்கு இறங்க வேண்டும் என்று மடித்த தாளில் படம் இருந்தது; தாள் அதற்குள் வீட்டு அலமாரியில் விரிப்பாகிவிட்டிருந்தது.

சந்தியைப் பற்றிச் சுருக்கமாக. சீப்பு தலையில் உட்காரும்போது ‘சொடக்’ என்ற ஓசை இரு பக்கமும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது புணர்ச்சி ஆகாது. சீப்புகள் அகலத் தலையோடு மட்டுமே புணரும். ஒல்லித் தலை பெரும்பாலும் தனித்து நிற்பது. ஒரு நிறுவனத்தின் சீப்பு இன்னொன்றின் தலையில் உட்காருவதும் அரிது, பொது விதி ஏதும் வகுக்கப்படவில்லை. அண்ணன் வீட்டில் ஒரு பெட்டி, தம்பி வீட்டில் ஒரு பெட்டி, இரண்டிலும் வெவ்வேறு சீப்பு தொலைந்துவிட்டது என்றால் ஒருவருக்கொருவர் ஆறுதல் மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

சாரியைக்குத் தனிப்பொருள் கிடையாது, ஒலிப்பை எளிதாக்கும். எண்ணெய்ப் புட்டி அதைத்தான் செய்கிறது. எண்ணெய் தேவைப்படாத கத்திகளும் உண்டு. தேவைப்படுபவற்றுக்கு ஓரிரு சொட்டு மெல்லிய கனிம எண்ணெய். தையல் மெஷினுக்கு விடுவது அதன் நெருங்கிய சொந்தம். நம் வீடுகளில் எந்த ஓட்டத்துக்கும் முதலில் நீளும் கை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நோக்கித்தான். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழியில் பாட்டிலுக்குள் நடப்பது கத்திப் பற்களுக்குள்ளும் நடக்கும். பிரஷ் இன்னொரு சாரியை. கைப்பிடியில் குழாய்ப் படம் போட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் கழுவலாம் என்று பொருள். ஷவர்ப் படம் இருந்தால்தான் குளித்துக்கொண்டே வெட்டலாம். இரண்டையும் ஒன்றாகப் படித்தவர்களின் ட்ரிம்மர்கள் இப்போது பேசுவதில்லை.

விகாரம் மூன்று வகைப்படும்: தோன்றல், திரிதல், கெடுதல். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் சலூன்கள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தபோது இம்மூன்றுக்கும் சான்றுகள் வீடுதோறும் திரண்டன. அதுவரை தாடியோடு நின்ற ட்ரிம்மர் அப்போதுதான் பல வீடுகளில் தலைக்கு ஏறியது. ஒரு பக்கச் சந்தி கழன்று சீப்பு நழுவ, பிடரியில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம் விழுவது தோன்றல். இடது கிருதா காதின் நடுவிலும் வலது கிருதா காதின் மடலிலும் நிற்பது திரிதல். காதை அளவாகக் கொண்டதால் வரும் வினை இது. இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இருப்பவர்கள் குறைவு. நீண்டதைக் குறைத்து, பின் மற்றதைக் குறைத்து, இப்படியே நீதி வழங்கிக்கொண்டு போனால் இரண்டு கிருதாவும் தலைமுடியில் போய் ஐக்கியமாகும். கெடுதல் மீசைக்குரியது. ஒல்லித் தலையால் ஓரம் மட்டும் சரிசெய்யப் போனவர், பென்சில் மீசையில் சற்று நின்று, முடிவில் மேலுதட்டைப் புதிதாகச் சந்திக்கிறார்.

பிடரி விஷயத்தில் இலக்கணம் வேறொரு சிக்கலையும் எழுப்புகிறது. தன் பிடரியைத் தானே வெட்டுவது தன்மை. கண்ணாடியில் கை தலைகீழாகப் போகும். மனைவியிடமோ மகனிடமோ கொடுப்பது முன்னிலை. அவர்களுக்குச் சிரிப்பு வந்தால் கை நடுங்கும். மிஞ்சுவது படர்க்கை, அதாவது சலூன்காரர்.

செவ்வாய்க்கிழமை என்பதும் ஆய்வுக்கு முக்கியம். தமிழ்நாட்டில் பெரும்பாலான சலூன்களுக்கு அன்று லீவு. ‘நம்பர் த்ரீ’க்காரர் 3 மில்லிமீட்டர் சீப்பை மாட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கிரிக்கெட் தொப்பியோடு ஓர் இரவைக் கழித்துவிட்டுப் புதன்கிழமை காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார். சலூன்காரர் தொப்பியைக் கழற்றச் சொல்கிறார். பிடரியைப் பார்க்கிறார். ஒன்றும் கேட்காமல் துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, மெஷினைக் கையில் எடுக்கிறார்.

“வழக்கம்போல மூணு போடுங்கண்ணே.”

கண்ணாடிக்குள் சலூன்காரர் கண்கள் ஒரு கணம் நிற்கின்றன.

“எந்த மூணு தம்பி? உங்க வீட்டு மூணா, நம்ம கடை மூணா?”