யானைக்குப் பேர் உண்டு

ஒரு யானை வாழைத் தோட்டத்துக்குள் போனால் ‘அட்டகாசம்’. மறுநாளும் போனால் ‘தொடரும் அட்டகாசம்’. நான்கு யானைகள் ஓடைக்கரையில் நின்றால் ‘முகாம்’. ரேஷன் கடைக் கதவு பெயர்ந்தால் ‘சூறை’. சும்மா சாலையைக் கடந்தாலும் விடுவதில்லை, ‘வாகன ஓட்டிகள் பீதி’. தண்ணீர் குடிக்க ஊர்ப்பக்கம் வந்தால் ‘புகுந்தது’.

இந்தப் ‘புகுந்தது’ நம் பத்திரிகைகளில் மூன்று பேருக்குத்தான் வரும். திருடன் வீட்டுக்குள் புகுந்தான். வெள்ளம் நகருக்குள் புகுந்தது. யானை ஊருக்குள் புகுந்தது. மூவரில் அடுத்தவன் இடத்துக்குள் போகிறவன் திருடன் மட்டும்தான். மற்ற இரண்டும் தங்கள் பழைய வழியில் வருகின்றன. அந்த வழியில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் நாம். நாம் போனதற்கும் அதே சொல்தான். ஆனால் அதை மஞ்சள் தடவி, பிள்ளையார் படம் போட்டு அச்சடிப்போம்: புதுமனை புகுவிழா.

நானும் இந்த அட்டகாசங்களை எழுதிச் சம்பளம் வாங்கியவன்தான். ஒரு நாளிதழில் இருந்தபோது மலையடிவாரத்துச் செய்தி ஒன்று வந்தது. ஒரு சொகுசு விடுதி ஓடையை மறித்து மின்வேலி போட்டிருந்தது. யானைகள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஊர் வழியே தண்ணீருக்குப் போகத் தொடங்கியிருந்தன. விடுதியின் பேரைப் போட்டு எழுதிக் கொடுத்தேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் ‘தனியார் விடுதி’ என்று இருக்கிறது. யானையின் பேர் அப்படியே இருந்தது. அதன் வயது இருந்தது. கொம்பின் நீளம் இருந்தது. இதுவரை எத்தனை வீட்டை இடித்தது என்ற கணக்கு இருந்தது. செய்தி ஆசிரியரிடம் போய்க் கேட்டேன்.

“எதுக்குப்பா வம்பு?” என்றார்.

நியாயம். யானை வக்கீல் நோட்டீஸ் அனுப்பாது. விளம்பரமும் தராது.

யார் இந்தத் தனியார்? தமிழ்நாட்டில் அவரைவிடப் பெரிய நிலக்கிழார் கிடையாது. மலையில் எஸ்டேட் அவருடையது. அடிவாரத்தில் கல்லூரி அவருடையது. செங்கல் சூளை, ரிசார்ட், கல்குவாரி எல்லாம் அவருடையவை. இத்தனை ஆண்டு பத்திரிகைகளில் அடிபட்டும் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறுத்தையைக்கூட கேமரா வைத்துப் பிடித்துவிடுகிறோம். தனியார் மட்டும் எந்தக் கேமராவிலும் விழுவதில்லை.

சின்னத்தம்பி என்ற யானை நினைவிருக்கிறதா? 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கத்தில் பிடித்து, டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவன் திரும்பி நடந்தான். உடுமலை வரை வந்துவிட்டான். கரும்புக் காட்டில் நின்றவனைச் சேனல்கள் இடைத்தேர்தல் வேட்பாளர்போலத் துரத்தின. இப்போது எங்கே நிற்கிறான், என்ன சாப்பிட்டான், எந்தப் பக்கம் திரும்பினான் என்று நிமிடத்துக்கு நிமிடம் நிலவரம். பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைத்ததும் கேமராக்கள் வீட்டுக்குப் போயின. அவன் புறப்பட்ட தடாகம் பள்ளத்தாக்கில் அத்தனை காலமும் செம்மண்ணை வெட்டி வெட்டி எடுத்துச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்குப் போட்டு, நீதிமன்றம் ஏறி, 2021-ல்தான் 186 சூளைகளை மூட உத்தரவு வந்தது.

நூற்று எண்பத்தாறு. அதில் ஒரே ஒரு சூளையின் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அரிக்கொம்பன் யானையின் கதையும் இதேதான், பட்ஜெட் மட்டும் பெரிது. கேரளத்துச் சின்னக்கானலில் இருந்து 2023 ஏப்ரல் 29 அன்று லாரியில் ஏற்றினார்கள். கழுத்தில் ரேடியோ காலர். பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 27 அன்று கம்பம் தெருவில் நின்றது. ஊரில் 144 தடை. தடை மனிதர்களுக்குத்தான், ட்ரோனுக்கு இல்லை என்று நினைத்தார் ஒரு யூடியூபர். பறக்கவிட்டார். ஏற்கெனவே மிரண்டிருந்த யானை இன்னும் மிரண்டது. அந்தக் களேபரத்தில் அடிபட்ட ஒரு மனிதர் பிறகு இறந்துபோனார். அது கீழே ஓடும் எழுத்துவரியில் வந்தது. மேலே நேரலை. ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பேரில் சினிமாகூட அறிவித்தார்கள்.

அரிக்கொம்பனின் குற்றப்பட்டியல் நமக்கு மனப்பாடம். இன்னொரு பட்டியலும் உண்டு. இந்தக் களேபரத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் அதே சின்னக்கானலில் நிலமற்ற 301 ஆதிவாசிக் குடும்பங்களைக் கேரள அரசு குடியேற்றியது. யானை நடமாடும் இடம், வேண்டாம் என்று வனத்துறை அதிகாரியே எச்சரித்தார். கேட்கவில்லை. ஏழைகளைக் கொண்டுபோய் யானையின் காலடியில் விட்டுவிட்டு, ‘நிலம் கொடுத்தோம்’ என்று கணக்கு எழுதிக்கொண்டார்கள். பிழைக்க முடியாமல் பலர் அந்த மண்ணைவிட்டே போய்விட்டார்கள். அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டு வாசலில் எந்த ட்ரோனும் பறக்கவில்லை.

மசினகுடியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி. நாற்பது வயது ஆண் யானை. முதுகில் ஏற்கெனவே புண். வலியில் ஊரை ஒட்டியே நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு தங்கும் விடுதிப் பக்கம் ராத்திரி போனபோது எரியும் துணியை அதன்மேல் வீசினார்கள். அது காதில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. எரிகிற காதோடு யானை இருட்டுக்குள் ஓடுவதை யாரோ செல்போனில் படம் எடுத்திருந்தார்கள். சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் செத்தது. லாரியில் கிடந்த அதன் தும்பிக்கையைத் தடவிக்கொண்டு ஒரு வனக்காவலர் அழுதார். அதுவும் வீடியோ ஆனது. நாடு முழுக்கப் பார்த்தது. சோக இசை சேர்த்துப் போட்டார்கள். நாமும் அழுதோம். பகிர்ந்தோம்.

அந்த மனிதரின் அழுகை உண்மை. அவருக்கு யானையைத் தெரியும். நாம் அழுததுதான் வசதி. ஏனென்றால் அதற்கு மூன்று மாதம் முன்பு, 2020 அக்டோபர் 14 அன்றுதான், மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் இருக்கும் ரிசார்ட்டுகள் காலி செய்ய வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. உயர் நீதிமன்றம் அதைச் சொன்னது 2011-ல். அரசு வழித்தடத்தை அறிவித்தது 2010-ல். நடுவில் 2018-ல் சீல் வைக்கச் சொல்லி ஓர் உத்தரவு. பிறகு ஆட்சேபங்களைக் கேட்க ஒரு குழு. யானை ஓர் இரவில் நடந்து கடக்கிற இடத்தைக் கோப்பு பத்து வருஷமாகக் கடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வந்த அன்று ஒரு நாள் செய்தி. காது எரிந்த வீடியோ ஒரு வாரச் செய்தி. இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்ல ஒரு நிருபரும் பத்து வரியும் போதும். அதற்கு இடமில்லை. சோக இசைக்கு இருந்தது.

இரண்டே ஆண்டில் அதே தெப்பக்காட்டுக்கு ஆஸ்கர் வந்தது. ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ நல்ல படம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யானைப் பராமரிப்பாளர்கள் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற குட்டியை வளர்த்த அன்பை உலகம் பார்த்தது. பிறகு என்ன? அமைச்சர்கள் போனார்கள், பிரதமர் போனார், சுற்றுலாக்காரர்கள் குட்டியோடு செல்ஃபி எடுக்க வரிசை கட்டினார்கள். ரகு ஏன் அநாதை ஆனான்? அவன் தாய் மின்சாரம் பாய்ந்து செத்தவள். எந்தக் கம்பி, எவர் போட்ட இணைப்பு என்று கேட்ட சிறப்பிதழ் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஆஸ்கர். தாய்க்குத் தனியார்.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பர் 17 அன்று மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விடுவதற்காக நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. கொண்டுவந்த விமானத்தின் மூக்கில் வரைந்திருந்தது புலியின் முகம். நம்மூர்ச் சேனல்கள் பலவும் ‘சிறுத்தை வந்தது’ என்றன. ஊரில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கும் சிறுத்தையை ஏன் விமானத்தில் கொண்டுவருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விமானம் புலி, செய்தி சிறுத்தை, கூண்டில் சிவிங்கிப்புலி. அன்று பிரதமரின் பிறந்தநாள் வேறு. கேமராவை அவரே கையில் எடுத்தார். அடுத்த வாரம் வானொலியில் பேசி, இவற்றுக்குப் பேர் வையுங்கள் என்று மக்களிடம் போட்டியே அறிவித்தார்.

பேர் வைத்தார்கள். அந்தக் குனோ காட்டில் இருந்து முன்பே காலி செய்யப்பட்ட 24 கிராமங்களுக்கும் பேர் இருந்தது. அதற்குப் போட்டி இல்லை. அங்கிருந்த சஹரியா ஆதிவாசிகளைக் கிளப்பியது சிவிங்கிப்புலிக்காகக்கூட இல்லை, கிர் சிங்கத்துக்காக. சிங்கத்தை ஆறு மாதத்துக்குள் கொண்டுபோங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குஜராத் கொடுக்கவில்லை. சிங்கம் ‘எங்கள் பெருமை’யாம். பெருமையை மாநில எல்லை தாண்டி அனுப்பக் கூடாதாம். ஆக, சிங்கத்துக்காக மனிதர்கள் போனார்கள். சிங்கம் வரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வேறொன்று வந்தது. 2023 ஆகஸ்டுக்குள் பெரியவை ஆறும் குட்டிகள் மூன்றும் செத்தன. வரவேற்புக்கு இருந்த நேரலை சாவுக்கு இல்லை. விவரம் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் மனுப் போட்டார். தர முடியாது என்று பதில் வந்தது. காரணம்: நாட்டின் பாதுகாப்பு. எதிரி நாட்டுக்குத் தெரிந்தால் என்ன செய்வானோ, பாவம் அந்தப் பூனை.

பேர் வைக்க முடியாத பிராணிகளின் பாடு இன்னும் கேவலம். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் வழியாகப் பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைக்குத் தடை வந்தது 2006-ல். அதற்குள் வானம் காலி. கழுத்தில் மயிரில்லாத பறவை அட்டைப்படத்துக்கு ஆகாது. சொட்டைத் தலைக்கு லைக்ஸ் விழாது.

ஆகஸ்ட் 12 உலக யானைகள் தினம். அன்று எல்லாப் பத்திரிகையிலும் யானை ‘பேருயிர்’. காட்டின் தோட்டக்காரன். விதைகளைப் பரப்பும் வள்ளல். கட்டுரை, கவிதை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. ஆகஸ்ட் 13 காலை ஏழாம் பக்கத்தில் பேருயிர் மறுபடி அட்டகாசம்.

2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை விழுந்தது. பக்கத்தில் குட்டி. நான்கு நாள் போராடிச் செத்தது. அறுத்துப் பார்த்தால் வயிற்றில் பிளாஸ்டிக். கருப்பையில் இன்னொரு குட்டி. அந்தப் பகுதியில் குப்பைமேட்டில் யானை மேய்வதும், சாணியில் பாலிதீன் கிடப்பதும் ஊருக்கே தெரிந்த கதை. இங்கே மட்டும் தனியார் என்று சொல்லித் தப்ப வழியில்லை. பால் கவர் நம்முடையது. பிரியாணிப் பொட்டலம் நம்முடையது. ஆகவே ‘மர்மச் சாவா? அதிகாரிகள் விசாரணை’.

என் பழைய செய்திக்கு வருகிறேன். பேரை வெட்டினார்கள் என்று சொன்னேனே, அந்த விடுதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் அதன் பேர் வந்துவிட்டது. கால்பக்கம், வண்ணத்தில். ஓடைக்கரையில் யானைக் கூட்டம் நிற்கிற படம். இரண்டு இரவு, மூன்று பகல், காலை உணவு இலவசம். முன்பதிவுக்கு இரண்டு செல்போன் எண்கள். படத்தில் மின்வேலி மட்டும் தெரியவில்லை. நிருபர் அனுப்பிய படம்தான் அது. வேலி இருந்த பக்கத்தை அழகாக வெட்டியிருந்தார்கள்.