லிங்க் போயிருச்சு

தேனிப் பக்கம் யாரிடமாவது ‘லீஸ்டு லைன்’ என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை ஏக்கர், தண்ணி வசதி இருக்கா என்று கேட்பார்கள். ஒரு வகையில் அது சரியான கேள்விதான். அதுவும் குத்தகைதான். அந்தக் காலத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ஒரு ஜோடிக் கம்பி, இரவும் பகலும் உங்களுக்கு மட்டும். வேறு யாரும் அதில் பேச மாட்டார்கள். வாடகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். திராட்சை உதிர்ந்தாலும் குத்தகைப் பணம் குறையாதது மாதிரி, லைனைச் சும்மா போட்டிருந்தாலும் வாடகை குறையாது.

ஆனால் ‘லிங்க்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். முதியோர் பென்ஷன் வாங்க வங்கிக்கு வரும் பாட்டி, கம்பிக் கூண்டுக்கு வெளியே நின்று, “லிங்கு வந்துருச்சா சாமி?” என்று கேட்பார். ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போன மகன் வீடு திரும்பிவிட்டானா என்று விசாரிக்கிற குரலில் கேட்பார்.

2008, ஆடி மாதம். தேனியில் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபீல்டு இன்ஜினியர் என்ற பட்டத்தோடு நான் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஆண்டிபட்டி கணவாயிலிருந்து லோயர் கேம்ப் வரை என் எல்லை. பழைய பைக், ஒரு லேப்டாப், ரவுட்டரில் சொருகும் தட்டையான நீலக் கேபிள், ஒரு மல்டிமீட்டர், இவ்வளவுதான் சொத்து. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் தினம் லிங்க் போகிறது என்று தாக்கல் வந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் போய்விட்டு வந்திருந்தார்கள். முதல் ஆள் ரவுட்டரை மாற்றினார். இரண்டாவது ஆள் மோடத்தை மாற்றினார். மூன்றாவது ஆள் இரண்டுக்கும் நடுவில் இருந்த கேபிளை மாற்றினார். மாற்றாமல் விட்டது மேனேஜரை மட்டும்தான். அவரும் டிரான்ஸ்பர் கேட்டு எழுதிப் போட்டிருந்தார்.

லேப்டாப்பை மாட்டி உட்கார்ந்தேன். சீரியல் போர்ட்டின் நிலவரத்தைப் பார்க்க வேண்டும். தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மேனேஜர், “என்னப்பா பண்ற?” என்றார்.

“சீரியல் பாக்கிறேன் சார்.”

வரிசையில் நின்ற நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் இரண்டு செய்திகள் இருந்தன. சீரியல் அப். லைன் புரோட்டோகால் டவுன். ஒரு வீட்டு வாசலில் நின்று பார்க்கிறோம், உள்ளே விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் யாரும் குரல் கொடுக்கவில்லை. அந்த மாதிரி. ரவுட்டர் பத்து விநாடிக்கு ஒருமுறை எதிர்முனையைப் பார்த்து ‘இருக்கியா?’ என்று கேட்கும். மூன்று தடவை பதில் வராவிட்டால் உறவை முறித்துக்கொள்ளும். நம் சொந்தக்காரர்களை விடக் கொஞ்சம் பொறுமை குறைவு, ஆனால் மறுபடி பதில் வந்தால் பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் சேர்ந்துகொள்ளும்.

அதற்குக் கீழே ஒரு வரியில் சிஆர்சி என்று போட்டு, பக்கத்தில் ஐந்து இலக்கத்தில் ஓர் எண். அதுதான் வில்லன்.

சிஆர்சி என்றால் என்ன என்று மேனேஜருக்குச் சொல்ல வேண்டி வந்தது. வெஸ்லி பீட்டர்சன் என்ற அமெரிக்கர் 1961இல் எழுதிய கணக்கு. பல்லுறுப்புக்கோவை, வகுத்தல், மீதி என்று ஆரம்பித்தால் மேனேஜர் கேபினுக்குள் ஓடிவிடுவார். அதனால் மொய்க் கவரை எடுத்துக்கொண்டேன். நம் பக்கம் மொய் எழுதுகிற ஆள் என்ன செய்வார்? கவருக்கு மேலே 501 என்று எழுதியிருக்கிறது. உள்ளே எண்ணினால் 401. எங்கேயோ வழியில் நூறு ரூபாய் கழன்றிருக்கிறது. ரவுட்டரும் அப்படித்தான். அனுப்புகிறவர் ஒவ்வொரு கவருக்குப் பின்னாலும் ஒரு மீதி எண்ணை எழுதி அனுப்புவார். வாங்குகிறவர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்ப்பார். ஒத்துவராவிட்டால் கவரைத் தூர எறிந்துவிட்டு, ஒரு பிழை என்று நோட்டில் ஒரு கோடு போடுவார். யார் எடுத்தது, எந்த இடத்தில் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. நடுவில் எங்கேயோ ஒரு கை புகுந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

“அப்போ நம்ம மொய்யை எவனோ எடுக்கிறான்,” என்றார் மேனேஜர். பதினைந்து வருஷம் கழித்தும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து இலக்க எண்ணைப் பார்த்து ஐயோ என்று அலறுகிறவன் புது ஆள். அது கரண்ட் மீட்டர் மாதிரி, மாட்டிய நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வரும். இரண்டு தடவை ரீடிங் எடுத்தால்தான் அர்த்தம். எனவே மறுநாள் காலை லிங்க் இருந்தபோது கணக்கைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரம், பூஜ்யம். மேனேஜர் என்னைக் குருவாயூரப்பனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பத்தரை மணிக்கு எண் நகர்ந்தது. பத்து நாற்பதுக்கு இருநூற்றுச் சொச்சம். பத்து ஐம்பதுக்கு இரண்டாயிரத்தை எட்டியது. பதினொன்றுக்கு லிங்க் விழுந்தது. மேனேஜர் பார்வையை வேறு சாமிக்கு மாற்றிக்கொண்டார்.

லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். “ராத்திரி பூரா டெஸ்ட் போட்டோம் சார், ஒரு எர்ரர்கூட இல்ல. உங்க ரவுட்டரைப் பாருங்க.” ரவுட்டர் கம்பெனி, “லைனைப் பாருங்க,” என்றது. மோடம்காரர் மட்டும் நிதானமாக, “எர்த்துக்குத் தண்ணி ஊத்துறீங்களா?” என்று கேட்டார். கிளைக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருந்தது. கடைநிலை ஊழியர் அண்ணன் அன்று முதல் காலையும் மாலையும் வாழைக்கு ஊற்றுவது போல இரண்டு குடம் ஊற்றினார். குழியைச் சுற்றிப் புல் செழித்தது. லிங்க் செழிக்கவில்லை.

அடுத்தது லூப். மோடத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால், நாம் அனுப்புவது வெளியே போகாமல் நமக்கே திரும்பி வரும். சுத்தமாக வந்தால் நம் வீட்டில் குற்றமில்லை. பிறகு எக்ஸ்சேஞ்சில் இருக்கிற எதிர்முனை மோடத்தில் லூப் போடச் சொல்ல வேண்டும். இப்போது நம் குரல் கம்பி முழுக்கப் போய்த் திரும்பும். கெட்டுப்போய் வந்தால் குற்றம் நடுவில் இருக்கிறது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதி பாதியாகத் துழாவுகிற வேலை. நம் பக்கத்து லூப் சுத்தம். தூரத்து லூப் நாறியது. ஆகக் குற்றவாளி எக்ஸ்சேஞ்சுக்கும் வங்கிக்கும் நடுவில் இருக்கிற இரண்டு கிலோமீட்டரில்.

புதன்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. காலையிலிருந்து மாலை வரை ஒரு பிழைகூட இல்லை. நான் அன்றைக்கு ஒரு மண்ணும் செய்யவில்லை. ஆனாலும் மேனேஜர் கைகொடுத்தார், வாங்கிக்கொண்டேன். சட்டைக் காலரைச் சரிசெய்தேன் என்றுகூட நினைக்கிறேன். வியாழன் பத்தரைக்குப் பழையபடி ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை லைன்மேன் அண்ணனைக் கையோடு பிடித்துவந்தேன். இடுப்பில் டெஸ்ட் போன், சட்டைப் பையில் பீடி. பேச்சு குறைவு. எக்ஸ்சேஞ்சில் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் மீட்டரை வைத்தார். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக வர ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 168 ஓம். மீட்டர் முந்நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் நின்றது. “ரெண்டு கிலோமீட்டர். கம்பி முழுசா இருக்கு,” என்றார். முறுக்கைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அளந்தார். ஒன்றும் காட்டக் கூடாது. காட்டவும் இல்லை. மணி பத்து.

“சாரல்தான்ணே காரணமா?” என்றேன். மலைப் பக்கமிருந்து தூறல் வந்துகொண்டிருந்தது.

“சாரல் காலைலருந்து அடிக்குது. உனக்குப் பத்தரைக்குத்தான போகுது?”

உட்கார்ந்திருந்தோம். பத்தரை தாண்டியதும் மீட்டர் முள் மயக்கம் தெளிந்தவன் மாதிரி அசைந்தது. எங்கேயோ இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரம். அண்ணன் எழுந்து, கம்பி போகும் வழியே நடந்தார். வங்கிச் சுவர், சந்து, அடுத்த கட்டிடம். அது டீக்கடை. பின்பக்கம் தகரம் இறக்கிக் கடையை நீட்டியிருந்தார்கள். தகரத்துக்கு இடைஞ்சலாக இருந்த கம்பியை எவரோ ஒரு புண்ணியவான் வெட்டி, கீழே இறக்கி, இடுப்பு உயரத்தில் முறுக்கிச் சேர்த்து, ஜவுளிக்கடைக் கேரி பேக்கைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். அதற்கு நேர் கீழே கிளாஸ் கழுவுகிற தொட்டி.

மாஸ்டர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு கிளாஸை ஒரே பிடியில் அலசி, மிச்சத் தண்ணீரைச் சுவரைப் பார்த்து வீசினார். கேரி பேக் குளித்தது. அண்ணன் பையைப் பிரித்தார். செம்பில் பச்சைக் களிம்பு. முறுக்கின் இடுக்கில் டீத்தூள்.

அப்புறம்தான் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. பத்தரைக்கு வங்கி ஊழியர்கள் டீக்கு வருகிறார்கள். கிளாஸ் கழுவப்படுகிறது. முறுக்கு நனைகிறது. லிங்க் போகிறது. லிங்க் போனால் வங்கியில் வேலை ஏது? மிச்ச ஊழியர்களும் டீக்கு வருகிறார்கள். வரிசையில் நின்ற நாற்பது பேரும் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? அவர்களும் வருகிறார்கள். இன்னும் கிளாஸ், இன்னும் தண்ணீர். ஒருமுறை போன லிங்க் மத்தியானம்வரை வராத மர்மம் இதுதான். ராத்திரி டெஸ்டில் ஏன் சுத்தம்? ராத்திரி கடை கிடையாது. புதன்கிழமை?

“புதன்கிழமை கடை இல்லையாண்ணே?” என்று மாஸ்டரைக் கேட்டேன்.

“உத்தமபாளையத்துல ஒரு கல்யாணம் தம்பி. மொய் செய்யப் போயிட்டேன்.”

மேற்கே ஓடுகிற பெரியாற்றுத் தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து 1895இல் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் பென்னிகுயிக். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இந்தப் பள்ளத்தாக்கு பிழைக்கிறது. கிளாஸ் அலசுவதும் அதே தண்ணீர்தான். மலையைத் தாண்டி வந்த தண்ணீருக்கு ஒரு கேரி பேக்கைத் தாண்டவா தெரியாது?

அண்ணன் கெட்ட துண்டை வெட்டி எறிந்து, புதுக் கம்பி கொடுத்து, ஜெல்லி அடைத்த கனெக்டரில் வைத்து அமுக்கி, தகரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டினார். பத்து நிமிஷ வேலை. அறிக்கையில் என்ன எழுதுவது என்று நான் அரை நாள் யோசித்தேன். ‘பிழைக்கான காரணம்’ என்ற கட்டத்தில் டீ என்று எழுத முடியாது. ‘புறச்சூழல் ஈரப்பதம்’ என்று எழுதினேன். தலைமை அலுவலகம் சாரல் என்று புரிந்துகொண்டு, எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வங்கியில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. டீக்கடையில் மாஸ்டர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தியை விளம்பரம் உட்பட வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பாய்லர் பக்கம் போனார்.

“லிங்கு இப்ப நல்லா இருக்கு போல?”

“ஆமாண்ணே, ஒரு தொந்தரவும் இல்ல.”

டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வாரத்துக்கு ஒரு நாளாச்சும் போகுற மாதிரி செஞ்சு குடுக்க முடியுமா தம்பி?”