மாட்டு வாலில் பத்தாயிரம் அடி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நடக்கிறதுக்குன்னே ஏழாயிரம் ரூவாய்க்கு ஷூ வாங்கி, பெட்டியோட கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கியாமே? நல்ல காரியம். வெளிய எடுத்துராதே, தேஞ்சுரும். மெட்ராசுல உன் வீட்டுச் செவுத்துல ஒரு நடிகர் படத்தையும் பார்த்தேன். வயித்துல வரப்பு வரப்பா வெட்டி வெச்சிருக்காரு. தெனமும் முழிச்சதும் அவரைப் பார்க்கிறே, ஒரு பெருமூச்சு விடுறே, திரும்பப் படுத்துக்கிறே. மூச்சுப்பயிற்சி மட்டும் தவறாம நடக்குது.

அவருக்கு ஆக்கிப்போட ஒரு ஆளு, பளுவைத் தூக்கிக்குடுக்க ஒரு ஆளு, எத்தனைன்னு எண்ண ஒரு ஆளு. சட்டையைக் கழட்டுற காட்சி வந்தா, முந்தியே தண்ணியைக்கூடக் குறைச்சுக்கிற நடிகருங்க இருக்காங்களாம். உன் ஆபீசுல சட்டையைக் கழட்டுற வேலை எதுவும் கெடையாதே? பெறகு எதுக்கு அவரு வழி?

'சரி தாத்தா, உங்களைப் பார்த்துக் கத்துக்கிறேன்'னு ஐஸ் வெக்காதே. நான் சந்தைக்கு நடந்தே போனது உடம்பைப் பேணவா? பஸ் இல்லடா. நம்ம ஊருக்கு மொத பஸ் வந்த அன்னைக்கு முண்டியடிச்சு ஏறி ஜன்னலோரம் பிடிச்சது யாருன்னு உங்க அப்பத்தாளைக் கேளு. கம்பங்கூழும் அப்படித்தான். நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் கண்ணுல படும். தெனமும் கெடைச்சிருந்தா கம்பை எவன் தொட்டிருப்பான்? அதையே நீ இப்ப பாக்கெட்டுல வாங்கி, படம் புடிச்சுட்டு, பாதியைக் கொட்டுறே.

கையில கட்டியிருக்கியே, அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லுதாம். இது எவன் வெச்ச கணக்குன்னு உன் அத்தை மககிட்ட வெசாரிச்சேன். 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற கருவி வித்துச்சாம். அதுக்கு வெச்ச பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. யாவாரி வெச்ச பேரு, வைத்தியன் வெச்சதில்ல. நீ என்னடான்னா படுத்துக்கிட்டே கையை ஆட்டி அடி சேர்க்கிறே. உனக்கு எதுக்குக் கைவலி? கழட்டி நம்ம செவலைப் பசு வால்ல கட்டு. ஈ ஓட்டுற ஓட்டுல மத்தியானத்துக்குள்ள பத்தாயிரம் ஆயிரும். சாயங்காலம் பாலும் குடுக்கும்.

இதுல, 21 நாள் செஞ்சா எதுவும் பழக்கமாயிரும்னு வேற சொல்லிக்கிட்டுத் திரியிறே. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். மூக்கை மாத்திக்கிட்டவங்க புது மூஞ்சிக்குப் பழக 21 நாளாவது ஆகுதுன்னு 1960-ல புஸ்தகத்துல எழுதினாரு. உனக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு? பின்னால லண்டன்ல 96 பேரைச் சேர்த்துப் பார்த்தாங்க. மத்தியானச் சோத்தோட ஒரு கிளாஸ் தண்ணி, ராச்சாப்பாட்டுக்கு முந்தி கொஞ்சம் ஓட்டம், இப்படி ஆளுக்கு ஒண்ணு. அது பழகிப்போக ஒருத்தருக்கு 18 நாள், இன்னொருத்தருக்கு 254 நாள்னு கணக்கு வந்துச்சு. சராசரி 66. இடையில ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் குடிமுழுகிப் போகலையாம். நீ ஒரு நாள் விட்டா, 'இனி அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி'ங்கிறே. பாவம்டா அந்த ஒண்ணாந்தேதி, எத்தனை சத்தியத்தைத்தான் சுமக்கும்?

நான் ஒரு பயலைக் காட்டுறேன். போன சித்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டு வந்தவன். ஒரு வாரம், விடியுமுன்னே கண்மாய்க்கரையில ஒரு நடை, வந்து ஒரு செம்பு நீச்சத்தண்ணி, ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் குறட்டை. எழுப்பிவிட ஆளு கெடையாது. என்ன முழிக்கிறே, நீதான் அது. உன் முட்டி, உன் தொப்பை, உன் சோம்பேறித்தனம் அத்தனையும் அவன்கிட்டயும் இருந்துச்சு. அப்படியும் நடந்தான். வாரத்துக்குக் கொறஞ்சது 150 நிமிஷம் வேகநடை வேணும்ங்குது உலக சுகாதார நிறுவனம். அவன் அதுக்கு மேலயே நடந்திருப்பான். எப்படிறா செஞ்சேன்னு செவுத்துல தொங்குறவரை விட்டுட்டு அவனைக் கேளு.

உனக்கு மறந்திருக்கும், நான் திண்ணையில இருந்து பார்த்ததைச் சொல்லுறேன். செருப்பு வாசப்படியிலயே கெடந்துச்சு. போனு, டவர் இல்லாம அடுப்படி அலமாரியில தூங்குச்சு. பல்லை வெளக்குன கையோட கெளம்பிட்டான். போகலாமா வேண்டாமான்னு யோசிக்க எடமே குடுக்கல. ராத்திரி மறுசோறு கேட்டா, அதுக்குள்ள அப்பத்தா பானையைக் கழுவிக் கவுத்திருப்பா. இதுல எது மெட்ராசுல நடக்காது? டவர் இருக்குதுங்கிறியா? இருந்துட்டுப் போகுது, ராத்திரியானா போனைக் கொண்டுபோய் அடுப்படியில போடு. பானைக்கு மட்டும் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சுக்க. நான் சொன்னேன்னு சொல்லாதே.

சரி, எந்திரி. டீக்கடைக்கு நடந்துதான் போறோம். வண்டிச் சாவியைத் தேடாதே, என் மடியில இருக்கு. உனக்குச் சீனி பாதிதான். காசு மட்டும் முழுசாக் குடுத்துரு.